ஒரு குஷன் உறைக்கு இருபது பவுண்டு அபராதம்

சமையலறை பெஞ்சுக்கு ஒரு குஷன் வாங்கப் போனால் என்ன பார்ப்போம்? குழம்பு கொட்டினால் கறை போகுமா, துவைத்தால் சாயம் போகுமா, உறையைத் தனியாகக் கழற்ற முடியுமா. சாதாரணக் கேள்விகள்தான். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு கலவரமும் ஒரு பாராளுமன்றச் சட்டமும் இருக்கின்றன. கதை நடந்தது இங்கிலாந்தில். துணி போனது நம் சோழமண்டலக் கரையிலிருந்து.

இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகளில், சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நீளமான மர பெஞ்ச் இருக்கும். 'செட்டில்' என்று பெயர். கதவிடுக்கில் வரும் குளிர்காற்று முதுகில் படாமல் இருக்க, முதுகுப் பலகையை உயரமாக வைத்திருப்பார்கள். கொஞ்சம் வசதி உள்ள வீடுகளில் அதன்மேல் குஷன். உள்ளே இறகோ கம்பளியோ குதிரை முடியோ அடைத்திருக்கும். மேலே கம்பளித் துணி அல்லது தோல். பெரிய மாளிகை என்றால் பட்டு.

இப்போது அடுப்புக் கரியும் சூப்பும் அதில் பட்டால்? கம்பளியை வெந்நீரில் போட்டு அடித்தால் சுருங்கிவிடும். பட்டு பாழாகும். தோலைத் துடைக்கத்தான் முடியும். லினன் துணியைத் துவைக்கலாம், ஆனால் அதில் சாயம் அவ்வளவு எளிதாக ஏறாது. நிறமும் வேண்டும், துவைக்கவும் வேண்டும் என்றால் அங்கே வழி கிடையாது.

அந்த வழி 17ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்து இறங்கியது. மசூலிப்பட்டினத்திலிருந்து தெற்கே நாகப்பட்டினம் வரையுள்ள கரையில் நெய்து சாயம் போட்ட பருத்தித் துணி. 'காலிகோ' என்றார்கள் ஆங்கிலேயர்கள் (கோழிக்கோட்டின் பெயர்தான் அப்படித் திரிந்தது). துவைக்கத் துவைக்க நிறம் போகாத துணியை அவர்கள் அதுவரை அதிகம் பார்த்ததில்லை.

இதில் மந்திரம் எதுவும் இல்லை, வேதியியல்தான். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். பிறகு சாயவேரோடு கொதிக்க வைப்பார்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் நூலையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். படிகாரம் படாத இடத்தில் ஏறிய நிறம் அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். நீலத்துக்கு அவுரி. கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742ல் இந்த முறையைப் படிப்படியாக விவரித்து ஐரோப்பாவுக்குக் கடிதமே எழுதினார். இன்றைய மொழியில் சொன்னால், தொழில்நுட்பக் கசிவு!

துணிக்கு இங்கிலாந்தில் பயங்கர கிராக்கி. உடை, திரைச்சீலை, நாற்காலி, குஷன் எல்லாம் காலிகோ. கம்பளி, பட்டு நெசவாளர்களுக்கு வேலை போயிற்று. 1700ல் போட்ட சட்டம் இந்தியாவில் அச்சிட்ட துணிகளை இங்கிலாந்தில் பயன்படுத்தத் தடை விதித்தது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? வெள்ளைத் துணியை இறக்குமதி செய்து லண்டனிலேயே அச்சடிக்க ஆரம்பித்தார்கள். 1719ல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். காலிகோ உடுத்திய பெண்களைத் துரத்தித் துணியைக் கிழித்தார்கள், மையும் அமிலமும் ஊற்றினார்கள்.

1721ல் இரண்டாவது சட்டம் வந்தது. 1722 டிசம்பர் 25க்குப் பிறகு அச்சிட்ட அல்லது சாயமிட்ட காலிகோவை உடுத்தினால் 5 பவுண்டு அபராதம். கட்டில், நாற்காலி, குஷன், ஜன்னல் திரை ஆகியவற்றில் பயன்படுத்தினால் 20 பவுண்டு. ஆமாம், 'குஷன்' என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள்! அன்றைய கூலித் தொழிலாளிக்கு 20 பவுண்டு என்பது ஏறக்குறைய ஒரு வருட வருமானம்.

இதில் யார் பக்கம் நியாயம்? லண்டன் நெசவாளி உண்மையிலேயே பசியில் இருந்தான். ஆனால் அவன் கோபம் காட்டியது கொள்ளை லாபம் பார்த்த கம்பெனியிடம் அல்ல, தெருவில் போன பெண்ணிடம். கம்பெனியோ அதே துணியை மற்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்துகொண்டே இருந்தது. 1774ல் பிரிட்டனில் தயாரான பருத்தித் துணிக்குத் தடையை நீக்கினார்கள். அதற்குள் அங்கே நூற்பு இயந்திரங்கள் ஓட ஆரம்பித்திருந்தன. அடுத்த நூற்றாண்டில் லங்காஷயர் மில் துணி நம் ஊர்ச் சந்தைக்கே வந்து, நம் நெசவாளிகளை அதே பசியில் தள்ளியது.

துவைக்கும் உறை இப்படி என்றால், துவைக்கவே வேண்டாம் என்ற கனவு இன்னொரு பக்கம். லினன் துணியில் ஆளிவிதை எண்ணெய் பூசிய எண்ணெய்த் துணி வந்தது. பிறகு நாமெல்லாம் அறிந்த ரெக்சின், பிறகு வினைல். 1953ல் அமெரிக்காவின் 3எம் ஆய்வகத்தில் ஒரு ஷூவில் தவறிச் சிந்திய திரவத்திலிருந்து ஸ்காட்ச்கார்ட் பிறந்தது. துணியில் தெளித்தால் கறை ஒட்டாது. ஆனால் அதில் இருந்த ஃபுளோரின் சேர்மம் இயற்கையில் சிதையாமல் மனித ரத்தத்திலேயே தங்குகிறது என்று தெரிந்தது. 2000ல் அதைக் கைவிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. 2009ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அந்த வகையைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. துவைக்கும் வேலை மிச்சமானதற்கு விலை வேறு எங்கோ கட்டப்பட்டது.

என் கட்சி இதுதான்: நிறம் போகாத பருத்தி உறை, அதைக் கழற்றித் துவைப்பது. முன்னூறு வருடப் பழைய இந்த விடையை இன்னும் எதுவும் தோற்கடிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவற்றில் மிக உபயோகமானது ஜிப் (சுண்ட்பேக் காப்புரிமை பெற்றது 1917ல்). அதற்கு முன் பொத்தான், நாடா, இல்லாவிட்டால் தையலைப் பிரித்துத் துவைத்துத் திரும்பத் தைக்க வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு நாலு வரி:

1. ஈரமான வெள்ளைத் துணியால் உறையின் உள்பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வேண்டாம்.

2. பருத்தி முதல் சலவையில் சுருங்கும். முன்பே சுருக்கிய துணியா என்று கேளுங்கள். (இயந்திரத்தில் அப்படிச் சுருக்கும் முறைக்கு 1930ல் சான்ஃபோர்ட் க்ளூயெட் காப்புரிமை பெற்றார். 'சான்ஃபரைஸ்டு' என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.)

3. ஜிப் நீளவாக்கில் இருக்கட்டும். குறுகிய பக்கத்தில் இருந்தால் ஃபோமைத் திரும்ப நுழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

4. ஃபோமை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு நாள்கணக்கில் காயாது. உறைக்குள் இன்னொரு மெல்லிய உறை போட்டால் ஃபோம் வரை கறை அவ்வளவாகப் போகாது.

5. ஒரே நீள குஷனுக்குப் பதில் மூன்று சின்னது. ஒன்றில் குழம்பு கொட்டினால் அதை மட்டும் துவைத்தால் போதும்.

நல்லவேளை, இப்போது அபராதம் எதுவும் இல்லை. பிடித்த நிறத்திலேயே வாங்கலாம்.