வாலையும் வரியும்: தென்காசி எல்லையில் மதுச் சட்டத்தின் வரலாறு

மதுவைப் பற்றிப் பேசும் தமிழ் அறநூல்கள் பெரும்பாலும் அதனை உண்பவனையே நோக்கிப் பேசுகின்றன. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் 'கள்ளுண்ணாமை' என்றே பெயர் பெற்றது. சட்டமோ முதலில் மதுவை ஆக்குபவனைத் தேடி வந்தது. அறத்தின் பார்வைக்கும் சட்டத்தின் பார்வைக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு எண்ணத்தக்கது.

இல்லத்தில் மது ஆக்குதல் சங்க காலத்தில் மறைவான தொழில் அன்று. அரிசிக் களியை அகன்ற வாயுடைய கலத்தில் ஆற்றி, முளையிட்ட நெல்லைக் கலந்து, சாடியில் இரண்டு நாள் வைத்து மது ஆக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகக் காட்டுகிறது. வீட்டில் ஆக்கிய நெற்கள்ளுக்குத் 'தோப்பி' என்ற பெயரும் அந்நூலில் உண்டு. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன் தேறலை மலைபடுகடாம் சொல்கிறது. இவையெல்லாம் புளிக்கவைத்து எடுத்தவை. ஊறலைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்து வடிக்கும் சாராயம் இவற்றினின்றும் வேறானது. அவ்வாறு வடிக்கும் கருவியைச் சித்த மருத்துவர் 'வாலை' என்பர். ஓமத் தீநீர் இறங்குவதும் வாலையில்தான். மூலிகைக்குப் பெயர்பெற்ற குற்றால மலைச்சாரலில் இச்சொல் மருத்துவர் நாவில் பழகிய ஒன்று. கருவியின் இயல்பு ஒன்றே. உள்ளே இடும் பொருளே அதனை மருந்தாகவோ மதுவாகவோ ஆக்குகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 'ஆப்காரி' என்னும் பாரசீகச் சொல் ஊர்தோறும் வழங்கலாயிற்று. கள், சாராய விற்பனை குத்தகைக்கு விடப்பட்டது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மது வடிப்பதையும் மரத்தில் கள் இறக்குவதையும் உரிமத்துக்கு உட்படுத்தியது. வீட்டில் வடித்தவர் குற்றவாளியானது குடி கேடு என்பதனால் அன்று; அரசின் வருவாய் குறையும் என்பதனால். 'கள்ளச்சாராயம்' என்னும் சொல்லிலுள்ள 'கள்ள' என்ற அடையும் நஞ்சைக் குறிப்பதன்று. அரசறியாமல் ஆக்கியதைக் குறிப்பதே.

இவ்வருவாய் நோக்கை எதிர்த்து எழுந்ததே மதுவிலக்கு இயக்கம். 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை ராஜாஜி நடத்தினார். கல்கி அதற்குத் துணை நின்றார். பிற்காலத்தில் இவ்விருவரும் ரசிகமணி டி.கே.சி.யின் நண்பர்களாய்க் குற்றாலத்துக்கு வந்து கவிச்சுவையில் திளைத்ததை இலக்கிய உலகம் அறியும்.

முதலமைச்சரான ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் விலக்கு நடைமுறைக்கு வந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் குடிப்பதோடு நில்லாமல், வடிப்பதையும், வடிப்பதற்கான கலத்தையும் பொருளையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. ஏழையின் அடுப்படிப் பானையும் அதனால் சான்றுப்பொருள் ஆகலாம்.

தென்காசிப் பகுதிக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை வேறோர் ஆட்சியின் கீழ் இருந்தது. ஒரே மலை, ஒரே மழை. சட்டம் மட்டும் இரண்டு. செங்கோட்டை இணைந்தபின் அவ்வெல்லை புளியரைக்கு அப்பால் நகர்ந்ததேயன்றி மறையவில்லை. தமிழகத்தில் 1987 சனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை உண்டு. கேரளமோ 1996இல் சாராயத்தை விலக்கியபோதிலும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகளை விட்டுவைத்தது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பனை தருவது பதநீர், தடவாவிடில் கள். பனையேறியின் கையிலுள்ள சுண்ணாம்பே அவனுக்கும் சிறைக்கும் இடையிலான வேலியாயிற்று.

1971இல் தளர்ந்த மதுவிலக்கு 1974இல் மீண்டது. 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் அரசே மது வாணிகக் கழகம் அமைத்தது. 2003இல் சில்லறைக் கடைகளையும் அதனிடம் ஒப்படைத்தது. இடையில் 1982இல் பிறந்த, 'குண்டர் சட்டம்' என மக்கள் அழைக்கும் தடுப்புக்காவல் சட்டத்தின் முழுப்பெயரில் குண்டர்களுக்கும் முன்னே நிற்பவர் கள்ளச்சாராயக்காரரே. விற்பதும் அரசு, விலக்குவதும் அரசு என்னும் நிலை இது.

2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது ஆலைகளில் பயன்படும் மெத்தனால். உடலில் அது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வையையும் உயிரையும் பறிக்கும். ஊறலில் இயல்பாய் விளையும் அளவன்று அது. இலாபத்துக்காகக் கலந்த நஞ்சு. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் சிறை வரை தண்டனை உயர்ந்தது. நஞ்சு கலப்பவனுக்கு அது தகும். ஆயினும் நஞ்சு கலப்பவனையும் பனையேறியையும் ஒரே சொல்லால் சுட்டும் சட்டமொழி திருத்தப்பட வேண்டியதே.

1886ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது கருவூலத்தை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் காக்க முனைந்தது ஏழையின் இல்லத்தை. இன்றைய சட்டம் எதனைக் காக்கிறது? தோப்பி, தேறல், நறவு எனப் பிரித்துப் பெயரிட்ட மொழி தமிழ். தீமையையும் அவ்வாறே பிரித்தறிந்து பெயரிடும் கடமை அம்மொழியில் கவிதை செய்வோர்க்கு உண்டு.