முதலில் உயிர், பிறகு எழுத்து

விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடும். தூக்கத்தான் கை நீளாது. “போலீஸ் வரட்டும், நமக்கேன் வம்பு” என்று ஒதுங்கியவர்களை ஈரமில்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எண்பதுகளில் நெடுஞ்சாலையோர அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருந்தேன். அடிபட்டவரை ஆட்டோவில் கொண்டுவந்தவர் கேஷுவாலிட்டி வாசலில் இறக்கிவிட்டு ஓடிவிடுவார். ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவுப் புத்தகத்தில், யார் அழைத்துவந்தது என்று எழுத ஓர் இடம் உண்டு. அதில் பேர் ஏறினால் ஸ்டேஷன், சாட்சி, வாய்தா. கூலிக்குப் போகிறவர் எத்தனை நாள் கோர்ட்டுக்கு அலைவார்?

மருத்துவமனைகளுக்கும் அதே பயம். “போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்க” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியவை உண்டு. அப்படித்தான் கார் மோதி விழுந்த ஒரு ஸ்கூட்டர்காரரைச் சேர்த்துக்கொள்ளாமல், 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மனித உரிமை ஆர்வலர் பரமானந்த் கட்டாரா இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1989 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது: அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், சட்ட நடைமுறை அதற்குப் பிறகுதான். 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவிலும் இது ஏறியது.

வண்டி ஓட்டியவருக்கும் அந்தப் பிரிவு கடமை வைத்திருக்கிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தகவல் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் அங்கே நிற்கவேண்டியதில்லை, ஆனால் தகவல் சொல்லியே ஆக வேண்டும்.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. தூக்கி வருகிறவரின் பயம் தீர இன்னும் நாளானது. உதவுகிறவரைக் காக்கும் விதிகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019-இல் 134ஏ பிரிவு அதையே சட்டமாக்கியது. 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தொடங்கி, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்றது. கையில் காசில்லையே என்ற தயக்கத்துக்கும் இடமில்லாமல் போனது.

மாறாத பழக்கம் ஒன்று இருக்கிறது. மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது. அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, இருமக்கூடத் தெம்பில்லாமல் மூச்சு அடைத்துப்போகும். செய்யாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தையும் முதுகையும் அசைக்காதீர்கள்.

ஆளைச் சேர்த்தபின் பேர் சொல்ல விருப்பமில்லையா? சொல்லாமலே கிளம்பலாம். உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை.