கண்மலர்

வத்திராயிருப்புப் பக்கத்து மலைகளில் பிறக்கும் அர்ச்சுனா ஆறு இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கிறது. அந்தக் கூடலில் மாரியம்மன் கோயில். ஆடி கடைசி வெள்ளிக்கு எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து நடந்தே செல்வோர் உண்டு. அங்கே செலுத்தப்படும் காணிக்கைகளில் முக்கியமானது கண்மலர். தகட்டில் செய்த ஒரு சோடிக் கண்கள். அம்மைக்குரிய தெய்வத்திடம் கண்ணை ஏன் வேண்டுகிறார்கள் என்று சிறுவயதில் எவரும் எனக்குச் சொன்னதில்லை. என் பாட்டியின் தங்கைக்கு ஒரு கண் வெண்மையாக இருந்தது. "அம்மையில் போனது" என்பார்கள். எந்த அம்மை என்று கேட்கத் தோன்றவில்லை.

பெரியம்மையாக இருந்திருக்கலாம். அதுவும் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையைப் பறித்தது. 1977இல் இந்தியாவும் 1980இல் உலகமும் அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. ஆனால் 'குழந்தைக்கு வருவதுதானே' என்று நாம் இலேசாகக் கருதிய மணல்வாரி நின்றுவிடவில்லை.

மணல்வாரிக் கிருமி மூச்சுக்காற்றின் வழியே நுழைகிறது. காவலுக்கு நிற்கும் நோயெதிர்ப்பு அணுக்களையே பற்றி, அவற்றின் மீதேறி நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று பெருகி, பின் உடலெங்கும் பரவுகிறது. பத்து நாட்கள் போல எந்த அறிகுறியும் இராது. பிறகு காய்ச்சல், இருமல், சிவந்த கண்கள். அதன்பின்தான் காதோரத்தில் தொடங்கி முகம், மார்பு, கால் என்று மணல் தூவியதுபோல் தடிப்பு இறங்கும். தடிப்பு கிருமியின் வேலையன்று. தொற்றுண்ட அணுக்களை உடல் தாக்குவதன் அடையாளம். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பே குழந்தை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. வாசலில் வேப்பிலை செருகி அயலாரை விலக்கிய நம் வழக்கம் அறிவுடையதுதான். ஆனால் அந்த வேப்பிலை நான்கு நாள் தாமதமாக வந்தது.

நோய் இறங்கிய பின்னும் இழப்பு தொடர்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, முன்பு பெற்றிருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை மணல்வாரி அழித்துவிட்டதைக் காட்டியது. பழைய நோய்களை உடல் மறந்துபோகிறது. மணல்வாரிக்குப் பின் சளியிலும் பேதியிலும் குழந்தைகள் மடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணின் கதை வைட்டமின் ஏ சார்ந்தது. காய்ச்சல் அதைச் செலவழிக்கிறது; பேதி அதை உறிஞ்ச விடுவதில்லை. முன்பே குறைவாயிருந்த குழந்தையின் கருவிழி வறண்டு, குழைந்து, சில நாட்களிலேயே உருகிவிடும். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் கூடாது, தாளிப்பு கூடாது என்பது நம் விதி. வைட்டமின் ஏயோ கொழுப்பின் துணையின்றி உடலில் சேராது. பாட்டிமாரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்களிடம் வேறு மருந்து எதுவும் இல்லை.

இந்தக் குருட்டைக் கண்டு பதறியவர்களில் மதுரை அரசு மருத்துவமனையில் கண்மருத்துவராயிருந்த கோ. வெங்கடசாமி ஒருவர். கண்ணுக்கு மருந்திட்டு அனுப்பினால் போதாது என்றுணர்ந்து, எழுபதுகளில் அக்குழந்தைகளுக்கு உணவூட்டித் தேற்றவும் தாய்மார்க்குச் சமையல் கற்பிக்கவும் ஒரு மையம் நடத்தினார். பின்னர் அரவிந்த் மருத்துவர்கள் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. 1990இல் முடிவு வெளியானது. கண்ணைக் காக்கப் போனவர்கள் உயிரைக் கண்டார்கள்.

மணல்வாரித் தடுப்பூசி இந்தியாவின் பொதுத் திட்டத்தில் 1985இல் சேர்ந்தது. இரண்டாம் தவணை 2010இல் தொடங்கியது. 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் மணல்வாரி, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசி போடப்பட்டபோது வாட்சப்பில் வதந்தி பறந்தது. பல பெற்றோர் மறுத்தனர். அவர்களில் பெரும்பாலோர், என் கணிப்பில், அம்மையில் போன ஒரு கண்ணை நேரில் கண்டிராதவர்கள்.