கொதிநீருக்கு அடங்காத வித்து: ஆட்டோகிளேவ் பிறந்த கதை

அறுவைக் கத்தியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் போதாதா, அதற்கென்று ஒரு தனி இயந்திரம் ஏன்? பதில் 1876-இல் தெரிந்தது. பிரெஸ்லாவில் ஃபெர்டினாண்ட் கோன் என்ற தாவரவியலாளர், காய்ந்த புல் ஊறிய நீரில் வளரும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவுக்குள் பளபளக்கும் சிறு மணிகள் உருவாவதை நுண்ணோக்கியில் கண்டார். அவை வித்துகள். அவை கொதிக்கும் நீரிலும் சாகவில்லை. அதே ஆண்டு ராபர்ட் கோக், அடைப்பான் நோய்க் கிருமியிலும் அவற்றைக் கண்டு எழுதினார்.

இரை தீர்ந்ததும் இத்தகைய கிருமி தன் டி.என்.ஏ.வின் ஒரு படியை உள்ளே தனியாக ஒதுக்கி, சுற்றிலும் அடுக்கடுக்காக உறை கட்டிக்கொள்கிறது. மையத்திலிருந்த நீரில் பெரும்பகுதி வெளியேற, கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் அங்கே நிறைகின்றன. சிறு புரதங்கள் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு காக்கின்றன. இப்படி உருவான வித்து உண்பதில்லை, வளர்வதில்லை, பெருகுவதில்லை. நீர் வற்றிய அந்த மையத்தில் புரதங்களைக் குலைப்பது வெப்பத்துக்கு எளிதல்ல.

லண்டனில் இயற்பியலாளர் ஜான் டிண்டலை இந்த வித்துகள் படாதபாடு படுத்தின. பழைய காய்ந்த புல்லில் ஊறிய நீரை மணிக்கணக்கில் கொதிக்கவைத்தும் அது கெட்டது. ஆய்வுக்கூடக் காற்றிலேயே வித்துகள் பரவிவிட்டன என்று கருதி, கியூ தாவரவியல் தோட்டத்துக்கு இடம் மாறினார். 1877-இல் வழி பிறந்தது. ஒரே மூச்சில் நெடுநேரம் கொதிக்கவைக்காமல், கொஞ்ச நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டார். உறங்கியவை விழித்து முளைத்ததும் மறுபடி கொதிக்கவைத்தார். பகையின் இயல்பை அறிந்து வகுத்த வழி என்பதால், இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் மருத்துவமனைக்கு அவ்வளவு பொறுமை ஏது?

அந்தச் சமயத்தில் பாரிஸில் வேறொரு வழக்கு. கொதித்த திரவத்திலும் உயிர் தானாகவே தோன்றுகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் பாஸ்டியன் வாதாட, லூயி பாஸ்டர் மறுத்தார். பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் இருந்த சார்ல்ஸ் சாம்பர்லாண்ட், நூறு டிகிரி போதாது, அதற்கும் மேலே போகவேண்டும் என்பதை உறுதிசெய்தார். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் நூறைத் தாண்டாது. இறுக மூடி அழுத்தத்தைக் கூட்டினால் தாண்டும். 1679-லேயே டெனி பாப்பான் என்பவர் அப்படியொரு சமையல் பாத்திரம் செய்திருந்தார். அதே தத்துவத்தில் 1879-இல் சாம்பர்லாண்டின் ஆட்டோகிளேவ் உருவானது.

121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் என்பது இன்று பரவலாக உள்ள ஒரு கணக்கு. இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் வித்தையே நம்புகிறார்கள். ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் வித்துகள் ஏற்றிய காகிதப் பட்டையைக் கருவிகளோடு உள்ளே வைத்தெடுத்து, பிறகு ஊட்டநீரில் இட்டுப் பார்க்கிறார்கள். அதில் ஏதாவது முளைத்தால், காரணத்தை ஆராய்ந்து மறுபடி சோதிக்காமல் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது.