கணினி நீர்க்குளிர்விப்பு

கணினி நீர்க்குளிர்விப்பு என்பது கணினியின் செயலகங்களில் உண்டாகும் வெப்பத்தை, குழாய்களில் சுற்றிவரும் நீர்மத்தின் வழியாக வெளியேற்றும் முறை ஆகும். மீத்திறன் கணினிகளிலும் தரவு மையங்களிலும் பயன்படும் இம்முறையை, விளையாட்டுக் கணினிகளைத் தாமே வடிவமைத்துப் பொருத்தும் ஆர்வலர்களும் கையாளுகின்றனர். தொழிற்சாலையிலேயே நீர்மம் நிரப்பி மூடப்பட்டு வருவது ஆயத்தச் சுற்று எனவும், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்துவது தனிப்பயன் சுற்று எனவும் அழைக்கப்படும்.

அடிப்படை

கணினி பயன்படுத்தும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. 2022-இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 வரைகலை அட்டையின் மின்திறன் 450 வாட் ஆகும். இதனுடன் மையச் செயலகத்தின் வெப்பமும் சேரும்போது, சிறு பெட்டி ஒன்றிலிருந்து 600 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தை நீக்க வேண்டியுள்ளது.

நீரின் வெப்பங் கடத்துமை காற்றினுடையதைப் போல் இருபது மடங்கிற்கும் கூடுதல். ஒரே கனவளவுள்ள நீரையும் காற்றையும் ஒரே அளவு சூடேற்ற, நீருக்கு ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பம் தேவைப்படும். எனவே சிறிதளவு நீரே பெரும் வெப்பத்தைச் சுமந்து செல்ல இயலும். எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 4 லிட்டர் நீர் ஓடும் சுற்றில் 600 வாட் வெப்பம் சேர்ந்தால், ஒரு சுற்றில் நீரின் வெப்பநிலை சுமார் 2 °செ மட்டுமே உயரும். இதனால் சுற்றின் எல்லா இடங்களிலும் நீர் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். எந்த உறுப்பை முதலில் வைப்பது என்பது பெரிதும் பொருட்டன்று.

வரலாறு

ஐபிஎம் நிறுவனம் 1980-இல் அறிவித்த 3081 பெருங்கணினி நீரால் குளிர்விக்கப்பட்டது. 1985-இல் வெளிவந்த கிரே-2 மீத்திறன் கணினியின் மின்சுற்றுகள், மின் கடத்தாத புளோரினெர்ட் என்னும் நீர்மத்தில் மூழ்கியிருந்தன.

1990களின் இறுதியில் ஆர்வலர்கள் மகிழுந்துகளின் வெப்பமாற்றிகளையும் மீன்தொட்டி எக்கிகளையும் கொண்டு தம் கணினிகளைக் குளிர்விக்கத் தொடங்கினர். பின்னர் இதற்கெனவே உறுப்புகளைச் செய்யும் நிறுவனங்கள் தோன்றின. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் பவர் மேக் ஜி5 வரிசையின் ஒரு மாதிரியில் நீர்மக் குளிர்விப்பைப் பயன்படுத்தியது. டென்மார்க்கின் அசிடெக் நிறுவனம் உருவாக்கிய ஆயத்தச் சுற்றுகள் 2000களின் இறுதியில் பரவலாயின.

இந்தியாவில் தேசிய மீத்திறன் கணிமைத் திட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட கணினிகளில் இம்முறை காணப்படுகிறது. திருச்சிராப்பள்ளி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பரம் பொருள் மீத்திறன் கணினி, நேரடித் தொடு நீர்மக் குளிர்விப்பைக் கொண்டது. இதன் திறன் 838 டெராபிளாப். வீட்டுக் கணினியின் தனிப்பயன் சுற்றும் இதே கொள்கையிலேயே இயங்குகிறது.

உறுப்புகள்

நீர்த்தொகுதி: செயலகத்தின் மேல் அமரும் செப்புத் தகடு. உட்புறம் மிக நுண்ணிய கால்வாய்கள் செதுக்கப்பட்டிருக்கும். செயலகத்திற்கும் தகட்டிற்கும் இடையே வெப்பப் பசை பூசப்படும்.

எக்கி: நீரைச் சுற்றவைப்பது. பொதுவாக 12 வோல்ட்டில் இயங்கும். இதன் தாங்கிகளுக்கு நீரே மசகு ஆதலால், நீரின்றி ஒருபோதும் இயக்கலாகாது.

நீர்த்தேக்கி: நீரை நிரப்பவும் காற்றுக் குமிழிகள் பிரியவும் உதவும் கலம். எக்கிக்கு மேலே, அதன் உள்வாய்க்கு எப்பொழுதும் நீர் கிடைக்குமாறு வைக்கப்படும்.

வெப்பமாற்றி: ரேடியேட்டர் எனப் பரவலாக அறியப்படுவது. நீரின் வெப்பத்தைக் காற்றிற்கு மாற்றும். 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகளுக்கு ஏற்ப 240, 280, 360, 420 ஆகிய அளவுகளில் கிடைக்கிறது.

குழாய்களும் இணைப்பிகளும்: மென்குழாய் வளைத்துப் பொருத்த எளிது. வன்குழாயைச் சூடேற்றி வளைக்க வேண்டும். இணைப்பிகளின் மரைகள் பெரும்பாலும் ஜி 1/4 என்னும் அளவில் அமையும்.

நீர்மமும் உலோகமும்

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆயினும் உலோகங்களைத் தொட்டு ஓடும்போது அயனிகளைப் பெற்றுக் கடத்தியாகிவிடும். ஆகவே வாலைவடிநீர் கசிந்தாலும் தீங்கில்லை என்று கருதுவது தவறு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் நுண்கால்வாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்கும். குடிப்பதற்காகச் சுத்திகரிக்கப்பட்ட நீரிலும் சிறிதளவு உப்பு எஞ்சியிருக்கும். எனவே வாலைவடிநீருடன் அரிமானத் தடுப்பியும் உயிர்க்கொல்லியும் கலந்து பயன்படுத்துவர். ஒளி புகும் குழாய்களில் வெயில் பட்டால் பாசி வளரும். சில கலவைகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது. அதைக் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாமல் வைத்தல் வேண்டும்.

செம்பையும் அலுமினியத்தையும் ஒரே சுற்றில் சேர்க்கலாகாது. இவற்றின் நியம மின்முனை அழுத்தங்களுக்கிடையே ஏறத்தாழ 2 வோல்ட் வேறுபாடு உண்டு. நீர் இவற்றை இணைக்கும்போது மின்கலம் போல் செயற்பட்டு அலுமினியம் அரிக்கப்படும். தற்கால வாகன வெப்பமாற்றிகள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை ஆதலால், செலவைக் குறைக்க அவற்றைச் செப்புத் தொகுதியுடன் பொருத்துவது சில மாதங்களிலேயே சுற்றைக் கெடுத்துவிடக்கூடும்.

கசிவுச் சோதனை

நிரப்பிய உடனே கணினியை இயக்குவது கூடாது. முதலில் தாய்ப்பலகை, வரைகலை அட்டை ஆகியவற்றின் மின்இணைப்புகள் அனைத்தும் கழற்றப்படும். பின்னர் மின்வழங்கியின் 24 முனை இணைப்பியில் 16ஆம் முனையைப் புவி இணைப்பு முனை ஒன்றுடன் இணைத்து, எக்கி மட்டும் இயக்கப்படும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் மெல்லிய தாளை வைத்துச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஈரம் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும். நீர் நிரப்பும் முன்பே காற்றழுத்தத்தைச் செலுத்திச் சோதிக்கும் சிறு கருவிகளும் உள்ளன.

வெப்பமண்டலச் சூழலில்

நீர்க்குளிர்விப்பு குளிரை உண்டாக்குவதில்லை. அது வெப்பத்தை இடம் மாற்றுவது மட்டுமே. மூடிய சுற்றில் உள்ள நீர் அறை வெப்பநிலைக்குக் கீழே செல்ல இயலாது. மண்பானை நீர் அவ்வாறு குளிர்வதற்குக் காரணம் ஆவியாதல். மூடிய சுற்றில் அது நிகழ்வதில்லை.

மேலைநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் 20 முதல் 25 °செ அறை வெப்பநிலையைக் கருதி எழுதப்பட்டவை. விழுப்புரம் மாவட்டத்தின் கண்டாச்சிபுரம் போன்ற உள்நாட்டு ஊர்களில், கத்திரி வெயில் காலத்தில் குளிர்சாதனம் இல்லாத அறை 38 °செ வரை சூடாகலாம். நீர் அறையைவிட 12 °செ கூடுதலாக இருக்கும் சுற்று, 24 °செ அறையில் 36 °செயில் நிற்கும். அதே சுற்று இங்கு 50 °செயை எட்டும். பல எக்கிகளுக்கும் குழாய்களுக்கும் 60 °செ மேல் வரம்பாகும். ஆகையால் இத்தகைய இடங்களில் வெப்பமாற்றியின் பரப்பைக் கூட்டித் திட்டமிடுதல் நன்று. நெகிழி வன்குழாய்களில் பெட்ஜி வகையைவிட அக்ரிலிக் வகை வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். தூசி மிகுந்த ஊர்களில் வெப்பமாற்றியின் இதழ்களைத் தவறாது துப்புரவு செய்ய வேண்டும்.

குளிர்விப்பான் இயந்திரத்தால் நீரை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசென்றால், பனிநிலைக்குக் கீழே தாய்ப்பலகையில் நீர்த்துளி படியும். கடலோர ஈரக்காற்றில் இவ்விடர் கூடுதல்.

நிறைகளும் குறைகளும்

பெரிய வெப்பமாற்றியில் விசிறிகள் மெதுவாகச் சுழன்றாலே போதுமாதலால் ஒலி குறையும். செயலகங்களின் வெப்பநிலை குறைவதால் அவை உயர்ந்த வேகத்தில் நெடுநேரம் இயங்கும். ஆனால் செலவு மிகுதி, ஆண்டுதோறும் பராமரிப்பும் தேவை. எக்கி நின்றுவிட்டால் செயலகம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தேவைப்படின் கணினி நின்றுவிடும். எக்கியின் வேகக் கம்பியைத் தாய்ப்பலகையுடன் இணைத்து வைத்தால் முன்னறிவிப்புக் கிடைக்கும். நடுத்தரக் கணினி ஒன்றிற்கு நல்ல காற்றுக் குளிர்விப்பானே பெரும்பாலும் போதுமானது.

வெளியேறும் வெப்பத்தையும் பயன்படுத்தலாம். ஐபிஎம் நிறுவனமும் சூரிக்கின் கூட்டமைப்புத் தொழில்நுட்பக் கழகமும் 2010-இல் அமைத்த அக்வாசார் கணினி, ஏறத்தாழ 60 °செ வெந்நீராலேயே குளிர்விக்கப்பட்டது. அதிலிருந்து வந்த வெப்பம் கட்டடங்களைச் சூடேற்ற உதவியது. செயலகம் நீரைவிடச் சூடாக இருக்கும் வரை வெந்நீரும் குளிர்விக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.