“ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?”: ரத்த தான ஃபார்மில் ஒரு கேள்வி வந்த கதை

ஆபீஸ்ல ரத்த தான முகாம் நடந்தா இதை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஃபார்மை வாங்கி, பக்கத்து சீட்ல பேனா கடன் வாங்கி, மடமடன்னு டிக் அடிச்சுக்கிட்டே வருவாங்க. ‘தற்போது மருந்து ஏதும் எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நிற்கும். சிலர் ‘இல்லை’ன்னு போட்டுட்டு நகர்ந்துடுவாங்க. பிபி, சுகர் மாத்திரை சாப்பிடுற சிலரோ முகாம் பக்கமே வர்றதில்லை. “நம்ம ரத்தத்தை யாரு எடுக்கப் போறாங்க”ன்னு தாங்களே தீர்ப்பு எழுதிக்கிறாங்க.

ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைக்கிறாங்க: இந்தக் கேள்வி என் உடம்பைப் பத்தினது. உண்மையில், அந்தக் கேள்வியில் பாதிக்கும் மேல நம்மளைப் பத்தினதே இல்லை.

பழைய கோடோட மல்லுக்கட்டுற எல்லாருக்கும் இது தெரியும். நடுவுல அர்த்தமே இல்லாத மாதிரி ஒரு இஃப் கண்டிஷன் இருக்கும். கமெண்ட் கிடையாது. தூக்கிடலாம்னு கை பரபரக்கும். கமிட் ஹிஸ்டரியைத் தோண்டினா, என்னைக்கோ ஒருநாள் நடுராத்திரி எல்லாம் படுத்த கதை ஒண்ணு கிடைக்கும். ரத்த வங்கி ஃபார்மும் அந்த ரகம்தான். தோண்டிப் பார்ப்போம்.

முதல் கதை 1957-ல ஜெர்மனியில் ஆரம்பிக்குது. கிரூனென்தால் என்ற கம்பெனி தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ரொம்பப் பாதுகாப்பானதுன்னு விளம்பரம். கர்ப்பிணிகள் மசக்கை வாந்திக்காகச் சாப்பிட்டாங்க. தாய் சாப்பிடுற மருந்தை நஞ்சுக்கொடி வடிகட்டிடும், குழந்தைக்குப் போகாதுன்னு டாக்டர்கள் பலரே நம்பிய காலம் அது. 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றபோது, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் வளர்ச்சி இல்லாமல் பிறந்திருந்தாங்க. அமெரிக்கா பெருமளவில் தப்பியதுக்குக் காரணம், அங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் புதுசா வேலைக்குச் சேர்ந்திருந்த ஃபிரான்சஸ் கெல்சி. கம்பெனி எவ்வளவோ நெருக்கியும் “ஆதாரம் போதாது”ன்னு ஃபைலை நகர்த்தவே மாட்டேன்னு உட்கார்ந்துட்டாங்க.

இதுக்கும் ரத்த தானத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனா மருத்துவ உலகம் அன்னைக்கு ஒண்ணு கத்துக்கிட்டது. கரு உருவாகிற சில வாரங்களில், பெரியவங்களுக்கு ஒண்ணுமே செய்யாத ஒரு மருந்து குழந்தையின் உடம்பையே மாத்திடலாம். அந்த வாரங்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமா இருப்பதே தெரியாது.

இருபது வருஷம் தள்ளி வருவோம். 1982-ல அமெரிக்காவில் ஐசோட்ரெட்டினாயின் வந்தது. கட்டி கட்டியா வந்து தழும்பு விழுற முகப்பருவுக்கான மாத்திரை. நம்ம ஊர்லயும் தோல் டாக்டர்கள் எழுதித் தர்றாங்க, உங்கள்ல சிலர் சாப்பிட்டிருப்பீங்க. கருவை பாதிக்கும் என்ற எச்சரிக்கையோடதான் வந்தது. அப்படியும் அடுத்த வருஷத்துக்குள்ளேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பத்தி ரிப்போர்ட் வர ஆரம்பிச்சிடுச்சு. அப்போ ரத்த வங்கிகள் முன்னாடி ஒரு கேள்வி வந்து நின்னது: மாத்திரை சாப்பிடுறவர் ஆம்பளையா இருந்தா அவருக்கு ஆபத்தில்லை. ஆனா அவர் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறினா?

ஒருத்தர் கொடுக்கிற ஒரு யூனிட்டை சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணுன்னு பிரிச்சு மூணு பேருக்குக் கூடக் கொடுப்பாங்க. அந்த மூணு பேர் யாருன்னு முகாம் நடக்கிற அன்னைக்கு யாருக்கும் தெரியாது. அதனால பிறந்த விதி: ஐசோட்ரெட்டினாயின் கடைசி மாத்திரைக்கு அப்புறம் ஒரு மாசம் ரத்தம் கொடுக்கக் கூடாது.

சொரியாசிஸ் கதை இன்னும் சிக்கலானது. வாழ்நாள் முழுக்க வந்து வந்து போகிற தோல் நோய் அது. அதுக்காக 1986-ல அமெரிக்காவில் எட்ரெட்டினேட் என்ற மருந்துக்கு அனுமதி கிடைச்சது. நல்லாவே வேலை செஞ்சது. ஆனா அது உடம்புக் கொழுப்பில் போய் ஒளிஞ்சுக்கும். மாத்திரையை நிறுத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆனவங்க ரத்தத்திலும் கண்டுபிடிச்சாங்க. அதனால எட்ரெட்டினேட் சாப்பிட்டவர் அங்கே எப்பவுமே ரத்தம் கொடுக்க முடியாது.

மாற்றா வந்தது அசிட்ரெட்டின். ரெண்டு மூணு வாரத்தில் உடம்பை விட்டு வெளியேறிடும்னு எல்லாரும் நிம்மதியானாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது, அதோட மது சேர்ந்தா உடம்புக்குள்ள ஒரு பகுதி திரும்ப எட்ரெட்டினேட்டாவே மாறிடுது. விரட்டின பக், வேற பேர்ல பேட்ச் வழியா உள்ளே வந்த மாதிரி. அதனால அமெரிக்காவில் அசிட்ரெட்டின் நிறுத்தின பிறகு 3 வருஷம் காத்திருக்கணும்.

இப்போ நம்ம வயசுப் பசங்களுக்கு நெருக்கமான மாத்திரைக்கு வர்றேன். ஃபினாஸ்டரைடு. முடி கொட்டுறதுக்கு. இதை ‘மருந்து’ கணக்குலயே நிறைய பேர் சேர்க்கிறதில்லை.

இந்த மருந்தின் பூர்வீகம் டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்ற சின்ன ஊர். அங்கே சில குழந்தைகள் பெண்ணுன்னு நினைச்சு வளர்க்கப்பட்டு, பருவ வயசு வந்ததும் ஆணாக வளர்ந்தாங்க. ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற அமெரிக்க டாக்டர் குழுவோட அங்க போய் ஆராய்ந்து, 1974-ல கட்டுரை வெளியிட்டார். டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான ஒரு ஹார்மோனா மாத்துற ஒரு நொதி அவங்களுக்குக் குறைவு. வயிற்றில் இருக்கும்போது ஆண் உறுப்பு முழுசா உருவாக அந்த ஹார்மோன் வேணும். அது கிடைக்காததால பிறக்கும்போது பெண் குழந்தை மாதிரி தெரிஞ்சாங்க. வளர்ந்த பிறகு அவங்களுக்கு புராஸ்டேட் சின்னதாவே இருந்தது, முன்வழுக்கையும் விழலை.

மெர்க் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய ராய் வாகெலோஸ் இதைப் படிச்சுட்டு, அந்த நொதியை மருந்தால தடுத்தா என்னன்னு யோசிச்சார். 1992-ல புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு வந்தது. 1997-ல அதையே 1 மில்லிகிராமாக்கி வழுக்கைக்குக் கொடுத்தாங்க.

அந்த ஊர்க் குழந்தைகளுக்கு நடந்ததைத்தான் மாத்திரையா மடிச்சு அட்டையில் அடைச்சிருக்கு. உங்களுக்கு முடி நிற்கும். அதே மருந்து ஒரு கர்ப்பிணியின் ரத்தத்தில் போய், உள்ளே ஆண் கரு இருந்தா? கர்ப்பிணிகள் உடைஞ்ச ஃபினாஸ்டரைடு மாத்திரையைத் தொடவே கூடாதுன்னு மருந்தோட குறிப்பிலேயே எழுதியிருக்கு. ஒரு யூனிட் ரத்தத்தில் இருக்கிற மருந்து ரொம்பக் கம்மிதான். இது முன்னெச்சரிக்கை விதி, ஒத்துக்கிறேன். ஆனா 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நம்ம நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அது முத்திப்போனா ரத்தம் ஏத்துறதைத் தவிர வழியில்லை. இந்த விதி வேற எங்கேயும் விட இங்கே தேவைன்னுதான் எனக்குத் தோணுது.

இந்திய வழிகாட்டுதல்படி ஃபினாஸ்டரைடுக்கு ஒரு மாசம், அதோட அண்ணன் டியூட்டாஸ்டரைடுக்கு 6 மாசம். ஏன் இந்த வித்தியாசம்? ஃபினாஸ்டரைடு சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் பாதியா குறையும். டியூட்டாஸ்டரைடு பாதியாக சுமார் 5 வாரம் ஆகும். அப்படி அஞ்சு தடவை பாதியாகி, முப்பத்திரண்டில் ஒரு பங்காக 25 வாரம். கிட்டத்தட்ட 6 மாசம். கணக்கு சரியா வருதா?

பிபியும் சுகரும் வேற கணக்கு. அங்கே கவலை பெரும்பாலும் ரத்தம் கொடுக்கிறவரைப் பத்தித்தான்: எழுந்து நிற்கும்போது மயங்கி விழுந்துடக் கூடாது. 2017-ல தேசிய ரத்த மாற்றுக் கவுன்சில் வெளியிட்ட வழிகாட்டுதலில், மாத்திரையோட பிபி கட்டுக்குள் இருந்தா, கடைசி 28 நாளில் மருந்தோ அளவோ மாறாம இருந்தா, கொடுக்கலாம். சுகருக்கும் மாத்திரைன்னா அதே மாதிரி 4 வாரம், நரம்பு, ரத்தக்குழாய் பாதிப்பு இருக்கக் கூடாது. இன்சுலின் போடுறவங்களை மட்டும் நம்ம நாட்டில் எடுக்கிறதில்லை. அமெரிக்காவில் சுகர் கட்டுக்குள் இருந்தா இன்சுலின் போடுறவங்களும் கொடுக்கிறாங்க. இந்த விதியை இங்கேயும் ஒருநாள் திரும்பப் பார்க்கலாம்னு நினைக்கிறேன்.

ஆக, “மாத்திரை சாப்பிடுறேன், என் ரத்தம் ஆகாது”ன்னு ஒதுங்கின பலரிடம் கொடுக்கக் கூடிய ரத்தம் இருக்கு. “வெறும் முடி மாத்திரைதானே”ன்னு ‘இல்லை’ போட்டவர்தான் காத்திருக்க வேண்டியவர்.

அவர் சொன்னாத்தான் தெரியும். கொடுத்த ரத்தத்தில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாத்துக்கும் டெஸ்ட் பண்றாங்க. ஃபினாஸ்டரைடு இருக்கான்னு யாரும் பார்க்கிறதில்லை. ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1970-ல எழுதிய புத்தகத்தின் முக்கியமான வாதம் இதுதான்: காசுக்கு ரத்தம் விற்கிறவருக்குத் தன் உடம்பைப் பத்திப் பொய் சொல்லக் காரணம் இருக்கு, தானமா கொடுக்கிறவருக்கு இல்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996-ல தீர்ப்பு சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுக்கிறது நின்னது.

ஆனா பொய் சொல்லக் காரணம் நிற்கலை. ஆஸ்பத்திரியில் “மூணு யூனிட்டுக்கு ஆள் கூட்டிட்டு வாங்க”ன்னு சொல்றாங்க. வாட்ஸ்அப்பில் மெசேஜ் பறக்குது. நண்பனோட அப்பா ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல படுத்திருக்கார். அந்த நேரத்தில் “மச்சான், நான் டியூட்டாஸ்டரைடு சாப்பிடுறேன்டா, 6 மாசம் ஆகும்”னு எத்தனை பேர் வாய் திறப்பாங்க? பணத்துக்குப் பதிலா பாசம். ரெண்டும் அந்த ஒரு டிக்கைத்தான் மாத்துது. சொந்தக்காரரைக் கூட்டிட்டு வரச் சொல்ற வழக்கத்தைக் குறைக்கணும்னு அரசுக் கொள்கையே சொல்லுது. தன்னார்வமா வர்றவங்க போதுமான அளவு இருந்தா அந்த நெருக்கடியே வராது. அந்தத் தன்னார்வலர்கள்ல பிபி மாத்திரை சாப்பிடுறவங்களும் இருக்கலாம் என்பதுதான் வேடிக்கை.

ஒரு விஷயம் மட்டும்: ரத்தம் கொடுக்கணும்னு டாக்டரைக் கேட்காம எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க. மாத்திரை பேர் ஞாபகம் இல்லைன்னா அட்டையோட பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க. என்ன மருந்துன்னே தெரியலைன்னா, விவரம் தெரியுற வரைக்கும் உங்ககிட்ட ரத்தம் எடுக்கக் கூடாதுன்னும் அந்த வழிகாட்டுதலில் ஒரு வரி இருக்கு.