புகைமூட்டத்தின் வரலாறு



ஜூன் மாதம் முதல் செப்டம்பர் மாதம் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. மழை குறைந்த இந்த மாதங்களில், சுமாத்ராவிலும் கலிமந்தானிலும் எழும் புகையைக் காற்று நம் பக்கம் சுமந்து வருகிறது. மலாய் மொழியில் 'ஜெரெபு' என்பார்கள்; நாம் புகைமூட்டம் என்கிறோம். சில ஆண்டுகளில் வந்த சுவடே தெரியாது. சில ஆண்டுகளிலோ பட்டப்பகலில் விளக்கெரிய விட்டு வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது.

இந்தப் புகைக்கு யார் காரணம்? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத வழக்கு இது. மண்ணை நம்பி வாழும் நாம் இந்த வழக்கை அறிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், பழி முதலில் விழுந்தது ஏழைக் குடியானவன் தலையில்தான்.

1982, 1983ஆம் ஆண்டுகளில் கிழக்குக் கலிமந்தானில் பெருந்தீ மூண்டது. ஏறத்தாழ 35 இலட்சம் ஹெக்டேர் நிலம் தீக்கு இரையாயிற்று. மற்றொரு பெருந்தீ 1997இல் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்பது கணக்கு. கூச்சிங்கில் அது 839 வரை ஏறியது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐக் கடந்து, அங்கும் அவசரநிலை வந்தது. 2013 ஜூன் மாதம் சிங்கப்பூரில் 401 என்ற அளவும், மூவாரில் 746 என்ற அளவும் பதிவாயின. 2015இலும் 2019இலும் புகை மீண்டும் வந்தது.

இதற்குச் சொல்லப்பட்ட முதல் காரணம் வானிலை. பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடேறும்போது நம் வட்டாரத்தில் மழை பொய்த்துப்போகிறது. இதை எல் நினோ என்கிறார்கள். 1982, 1997, 2015 ஆகிய மூன்றும் எல் நினோ ஆண்டுகளே. எனினும், வறட்சி காட்டைக் காயவைக்கும், நெருப்பு வைக்காது.

இரண்டாவது காரணமாகக் காட்டப்பட்டவர்கள் காட்டை வெட்டி எரித்து, சில பருவம் பயிரிட்டு, பிறகு வேறிடம் போகும் குடியானவர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் எரித்து வந்தது உண்மை. அப்படியானால் இத்தனை பெரும்புகை அவர்களுடைய பாட்டன் காலத்தில் ஏன் எழவில்லை என்ற கேள்வி பிறந்தது. அதற்கு வானத்திலிருந்து விடை வந்தது. துணைக்கோளப் படங்களில் தீப்புள்ளிகள் பல, தோட்டத்துக்காகவும் மரத்துக்காகவும் பெரிய நிறுவனங்கள் பெற்றிருந்த நிலங்களில் தெரிந்தன. 1997 செப்டம்பரில் இந்தோனேசிய அரசே 176 நிறுவனங்களைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்து வெளியிட்டது. சிறு நிலக்காரர்களும் எரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால், பழி முழுவதும் அவர்களுடையது என்ற பேச்சு அன்றே ஆட்டங்கண்டது.

மூன்றாவது காரணம் நம் காலடி மண்ணில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் 'தானா கம்புட்' என்று சொல்லும் கரிமண் அது. சதுப்புக் காட்டில் விழுந்த இலையும் கிளையும் வேரும் நீரில் ஊறி, முற்றும் மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டானது. நீர் நிற்கும் வரை அதில் தீ பற்றுவது அரிது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் அந்த மண்ணே விறகாகிவிடுகிறது. தீ மேலே அணைந்தாலும் அடியில் கனன்றுகொண்டே போகும். நல்ல மழை பெய்து நீர்மட்டம் உயர்ந்தால்தான் அது அடங்கும்.

நம் முன்னோர் பால்வெட்ட வந்த ரப்பர்த் தோட்டங்களுக்காகவும் காடு வெட்டப்பட்டது, காயவைக்கப்பட்டது, எரிக்கப்பட்டது. மேட்டு நிலத்து நெருப்பு, மேலே கிடந்த மரத்தைத் தின்றதும் அணைந்துவிட்டது. கரிமண்ணில் அப்படி இல்லை. 1995இல் மத்திய கலிமந்தானில் 10 இலட்சம் ஹெக்டேர் நிலத்தை நெல்வயலாக்கப் போவதாகச் சொல்லி ஒரு பெருந்திட்டம் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டிச் சதுப்பை வடித்தார்கள். எதிர்பார்த்த நெல் விளையவில்லை; 1997இல் தீ விளைந்தது. பின்னர் திட்டம் கைவிடப்பட்டது.

ஆகவே வறட்சி, வடிந்த கரிமண், நெருப்பு வைக்கும் கை ஆகிய மூன்றும் கூடும்போதுதான் பெரும்புகை எழுகிறது. வறட்சியை நாம் தடுக்க முடியாது. மற்ற இரண்டும் மனிதன் செய்வன. நெருப்பு வைப்பது ஏன்? அதுதான் மலிவு. இயந்திரம் கொண்டு மரங்களைச் சாய்த்து, துண்டாக்கி, வரிசையாக அடுக்கி மக்கவிடும் எரிக்காத முறையும் உண்டு. மறுநடவில் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் அதைப் பலரும் பார்த்திருப்போம்.

2002இல் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் எல்லைதாண்டும் புகைக்கு எதிராக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்க 2014 ஆயிற்று. அதே ஆண்டு, எல்லைக்கு வெளியே எரிக்கும் நிறுவனத்தையும் தண்டிக்கச் சிங்கப்பூர் சட்டம் இயற்றியது. இதை அண்டை வீட்டான் குற்றமென்று மட்டும் சொல்லித் தப்பவும் வழியில்லை. 2019இல் இந்தோனேசிய அரசு முத்திரையிட்ட நிலங்களில் மலேசிய நிறுவனங்களைச் சேர்ந்தவையும் இருந்தன. அவ்வாண்டு மிரிக்கு அருகே கோலபாராமில் நம் கரிமண்ணும் எரிந்தது.

நேயர்களே! வழக்கு தீரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. புகையிலுள்ள நுண்துகள் தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் சிறியது. தோளில் கிடக்கும் துண்டை நனைத்துக் கட்டினால் அது நிற்காது. என்95 வகை முகக்கவசம் வேண்டும். குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், ஆஸ்துமாக்காரர்கள் ஆகியோர் வீட்டுக்குள் இருக்கட்டும். வெளியில் உழைப்பவர்கள், மூச்சு வாங்கினால் நாட்கூலி போய்விடுமே என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குறியீடு ஏறும் நாளில் வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது சோம்பல் ஆகாது. அன்றைக்கு வீட்டுக் குப்பையையும் கொளுத்த வேண்டாம்.

யார் எரித்தார்கள் என்று நம் பிள்ளைகள் கேட்டால், ஏழையைச் சுட்டிக்காட்டி முடித்துவிடாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுவோம்.